மூளை மின்னலைப் பதிவில் செய்முறைப் பயிற்சி: புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் ஊரகப் பகுதிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனைகளில் இ.இ.ஜி. என வழங்கும் மூளை மின்னலை வரைவு, வலிப்பு நோயை ஆராயப் பயன்படும் முதன்மையான சோதனைகளுள் ஒன்று. இளநிலை மருத்துவப் பாடத்திட்டம் இயல்பான அலை வடிவங்களை இனங்காணும் திறனை மாணவரிடம் எதிர்பார்க்கிறது. பதிவு செய்யும் திறனை அவ்வாறு வலியுறுத்தவில்லை. மின்முனைகளைத் தம் கையால் ஒருமுறையேனும் பொருத்தியவர்க்கே வரைவில் தோன்றும் போலி அலைகளை ஐயுறும் பழக்கம் அமைகிறது என்பதும், அவ்வையமே ஊரக நோயாளியைத் தவறான நோய்ப்பெயரிலிருந்து காக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. பதிவின் அடிப்படை, பிழைகள் தோன்றும் வகை, நோயாளியிடம் தமிழில் பேச வேண்டிய முறை, பயிற்சியின் படிநிலைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மூளை மின்னலை வரைவு, வலிப்பு நோய், மின்முனை, போலி அலை, செய்முறைப் பயிற்சி, வில்லியனூர், பாகூர்.

முன்னுரை

வலிப்பு என ஐயுற்று மருத்துவமனைக்கு அனுப்பப்படும் ஒருவருக்குச் சில நாட்களில் ஓர் அறிக்கை கிடைக்கிறது. அதில் 'இயல்பற்றது' என்னும் ஒரு சொல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் மாத்திரை, ஓட்டுநர் உரிமத்தில் சிக்கல், பள்ளியில் தனித்துப் பார்க்கப்படும் நிலை, திருமணப் பேச்சில் மறைப்பும் முறிவும் எனப் பல பின்தொடர்கின்றன. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்திற்குரிய தகுதியைப் பாதிக்கும் நிலைகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே அச்சொல்லை நீக்கியது. சட்டம் விட்ட சொல்லை ஊர் இன்னும் முழுமையாக விட்டுவிடவில்லை. எனவே அறிக்கையில் இடம்பெறும் ஒரு சொல் எவ்வாறு உருவாகிறது என்பது மருத்துவக் கல்வியில் சிறிய வினா ஆகாது.

புதுச்சேரி மாவட்டத்தில் இரு நகராட்சிகளுடன் அரியாங்குப்பம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, பாகூர், நெட்டப்பாக்கம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. 'கொம்யூன்' என்னும் சொல் பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாகும். இவ்வூரகப் பகுதிகளின் தனித்தன்மை ஒன்று கருதத்தக்கது. நெல்லும் கரும்பும் விளையும் வயல்களை ஒட்டியே இங்கு மருத்துவக் கல்லூரிகள் அமைந்துள்ளன. கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியும், கிருமாம்பாக்கத்தில் ஆறுபடைவீடு மருத்துவக் கல்லூரியும் பாகூர்ப் பகுதியில் உள்ளன. ஊசுட்டேரியை அடுத்த வில்லியனூர்ப் பகுதியில் ஸ்ரீ லட்சுமி நாராயணா மருத்துவக் கல்லூரி உள்ளது. கோரிமேட்டில் இயங்கும் ஜிப்மர் நிறுவனத்தின் ஊரக நல மையம் இராமநாதபுரத்தில் செயல்படுகிறது. பயிலும் மாணவரும் நோயுற்ற ஊரவரும் ஒருவருக்கொருவர் அண்மையில் வாழும் இச்சூழலில், மூளை மின்னலைப் பதிவுப் பயிற்சி எத்தன்மையதாக இருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. இனங்காணலும் பதிவு செய்தலும்

2019ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம், உடலியங்கியல் பாடத்தில் இயல்பான மூளை மின்னலை வடிவங்களை இனங்காணும் திறனைக் குறிப்பிடுகிறது. இதனைப் பெரும்பாலும் அச்சிட்ட படத்தைக் கொண்டோ திரையில் காட்டியோ கற்பித்துவிட இயலும். கண் மூடிய நிலையில் பின்தலையில் தோன்றும் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலை, அதனினும் விரைந்த பீட்டா அலை, 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான தீட்டா அலை, 4 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த டெல்டா அலை என மாணவர் மனனம் செய்துகொள்கிறார். தேர்வுக்கு இது போதும்.

படம் காட்டாத செய்தி ஒன்று உண்டு. பாடநூலில் இடம்பெறும் வரைவு, நூற்றுக்கணக்கான பக்கங்களிலிருந்து தேர்ந்தெடுத்த தூய பக்கம். நோயாளியின் தலையிலிருந்து வரும் பதிவில் கண் இமைப்பும், தாடைத் தசையின் இறுக்கமும், இதயத்துடிப்பும், வியர்வையும், சுவரிலுள்ள மின்கம்பியும் ஒன்றாகக் கலந்தே வருகின்றன. தலைத்தோலில் கிடைக்கும் மூளை அலையின் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரையிலானது. நெஞ்சின் மீது பதிவாகும் இதய மின்னலையோ ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட், அதாவது 1000 மைக்ரோவோல்ட் அளவினது. இத்தனை மெல்லிய ஒலியை இத்தனை இரைச்சலுக்கிடையே கேட்க வேண்டியிருப்பதால்தான் பதிவு செய்பவரின் கைத்திறன் முதன்மை பெறுகிறது.

2. பெர்கரின் ஐயம்

இவ்வுண்மை இத்துறையின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. 1875இல் லிவர்பூலைச் சேர்ந்த ரிச்சர்டு கேட்டன் விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் இருப்பதை அறிவித்தார். மனித மூளையின் மின்னலையை ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்தார். எனினும் அதனை 1929இல்தான் வெளியிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை வாட்டியது ஒரே வினா: வரைவில் அசைவது உண்மையில் மூளைதானா? இரத்தக்குழாய்த் துடிப்போ, தசையசைவோ, தோலின் மின்மாற்றமோ அவ்வலையைத் தோற்றுவிக்கக்கூடும் என அஞ்சி ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். தம் மகன் கிளாஸின் தலையிலும் பலமுறை பதிவு செய்தார். 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மேத்யூஸ் ஆகிய இருவரும் அவருடைய முடிவை உறுதி செய்தபோது ஏட்ரியன் தம் தலையையே சோதனைக்கு உட்படுத்தினார்.

இவ்வரலாற்றைப் பயிற்சியின் தொடக்கத்தில் கூறுவது பயன்தரும். இத்துறையைத் தோற்றுவித்தவரே தம் வரைவை ஐந்தாண்டுகள் நம்பத் தயங்கினார் என்பதை அறிந்த மாணவர், தம்முன் உள்ள வரைவை ஐந்து நிமிடத்தில் நம்பிவிடத் தயங்குவார்.

3. தலையை அளத்தல்

மின்முனைகளை எங்கே வைப்பது என்பதற்கு 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட பத்து-இருபது முறையே இன்றும் அடிப்படை. தலையின் பருமன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், சென்டிமீட்டரில் நிலையான இடைவெளி வகுக்காமல், அந்தந்தத் தலையின் அளவில் 10 அல்லது 20 விழுக்காடு என வகுத்தமையே இம்முறையின் நுட்பம்.

மூக்கும் நெற்றியும் சேரும் இடத்திலுள்ள பள்ளத்திலிருந்து பிடரியில் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு வரை அளவுநாடாவால் அளக்க வேண்டும். அந்நீளம் 36 செ.மீ. எனக் கொள்வோம். முதற்புள்ளி 3.6 செ.மீ.இல் அமையும். அடுத்தடுத்த புள்ளிகள் 7.2 செ.மீ. இடைவெளியில் 10.8, 18, 25.2, 32.4 செ.மீ. என வரும். நடுவில் உள்ள 18 செ.மீ. புள்ளியே உச்சி. பின்னர் ஒரு காதின் முன்புள்ள பள்ளத்திலிருந்து மறுகாதின் முன்பள்ளம் வரை உச்சி வழியாக அளந்து, அதே விழுக்காட்டில் பக்கப்புள்ளிகளைக் குறிக்க வேண்டும். இடப்புறப் புள்ளிகள் ஒற்றையெண் பெறும்; வலப்புறப் புள்ளிகள் இரட்டையெண் பெறும்.

அளக்காமல் கண்மதிப்பால் வைப்பது எளிது. தவறும் அங்கேயே பிறக்கிறது. ஒருபுற மின்முனைகள் மறுபுறத்தைவிட நெருங்கி அமைந்துவிட்டால், அப்புறத்து அலைகள் வரைவில் சிறுத்துக் காணப்படும். படிப்பவர் அதனை மூளையின் ஒருபுறக் குறைபாடாகக் கருதிவிட இடமுண்டு. இரண்டு சென்டிமீட்டர்ப் பிழை ஒரு நோயாக மாறும் வழி இது. அளவுநாடாவைப் பிடித்துப் பழகிய மாணவர், அறிக்கையில் 'இடப்புற அலைகள் தாழ்ந்துள்ளன' என்னும் தொடரைக் காணும்போது, மின்முனைகள் சமமாக அமைந்தனவா என முதலில் கேட்பார்.

4. எண்ணெய், வியர்வை, வெறும் வயிறு

அயல்நாட்டுப் பயிற்சிக் கையேடுகளில் சுருங்க முடியும் சில செய்திகள் இம்மண்ணில் விரிவாகப் பேசப்பட வேண்டியவை.

முதலாவது, தலைக்கு எண்ணெய் தேய்க்கும் வழக்கம். மருத்துவமனைக்குப் புறப்படும் ஒருவர் தலைவாரி எண்ணெய் தடவிப் பூவும் வைத்து வருவது இங்கு இயல்பான ஒழுங்கு. தேங்காயெண்ணெய் மின்முனைக்கும் தோலுக்கும் இடையே மின்கடத்தாப் படலமாக நிற்கிறது. ஆய்வகத்தில் 'இம்பிடன்ஸ்' என வழங்கும் மின்னெதிர்ப்பு 5 கிலோ ஓமுக்குக் கீழ் இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. எண்ணெய்த் தலையில் அதனை எட்டுதல் அரிது. மின்னெதிர்ப்பு எல்லா மின்முனைகளிலும் ஏறத்தாழச் சமமாக இருப்பதும் அதே அளவு இன்றியமையாதது. பதிவுக்கருவி இரு புள்ளிகளுக்கிடையிலான வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டுகிறது. இரண்டிற்கும் பொதுவாக வரும் சுற்றுப்புற மின்னிரைச்சல் கழிந்துவிடுகிறது. ஒரு மின்முனை நன்கு ஒட்டியும் மற்றொன்று எண்ணெயில் வழுக்கியும் நின்றால் அக்கழிவு நிகழாது. நம் மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் அலை வரைவு முழுவதும் பரவும். வடிகட்டியை இயக்கி அதனை மறைத்துவிடலாம். ஆனால் மோசமாக ஒட்டிய மின்முனை அங்கேயே இருக்கும். மீண்டும் தோலைத் துடைத்து ஒட்டுவதே முறை என்பதைக் கையால் செய்தவரே உணர்வர்.

இரண்டாவது, வியர்வை. கடலோரப் புழுக்கத்தில் நெற்றியில் வியர்வை அரும்பும்போது, வரைவில் நெடிய, மெதுவான ஏற்றத்தாழ்வு தோன்றுகிறது. அனுபவம் இல்லாதவர் அதனை மூளைச் செயல் மந்தத்தைக் காட்டும் டெல்டா அலையாகக் கருதக்கூடும். அறையைக் குளிர்வித்து நெற்றியைத் துடைத்தபின் அவ்வலை மறைவதை நேரில் காணும் மாணவர் அதனை எளிதில் மறவார். மின்விசிறிக் காற்றில் மின்முனைக் கம்பிகள் ஆடுவதும் இத்தகைய போலி அலையைத் தரும்.

மூன்றாவது, வெறும் வயிறு. 'சோதனை' என்றாலே உண்ணாமல் வர வேண்டும் என்னும் எண்ணம் ஊரவரிடம் வேரூன்றியுள்ளது. இரத்தச் சர்க்கரைச் சோதனையால் வந்த பழக்கம் அது. மூளை மின்னலைப் பதிவுக்கு நோயாளி உண்டுவிட்டே வர வேண்டும். சர்க்கரை குறைந்த நிலையில் ஆழ்ந்து மூச்சுவிடச் செய்தால் மெதுவான அலைகள் மிகுந்து தோன்றும். பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் பட்டினியாக வந்து நண்பகல் வரை காத்திருந்த ஒருவரின் வரைவு, அவர் மூளையைக் காட்டிலும் அவர் வயிற்றைப் பற்றி மிகுதியாகக் கூறக்கூடும். எனவே பதிவுக்குமுன் 'இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?' என வினவிக் குறித்துக்கொள்ளுதல் பயிற்சியின் ஒரு பகுதியாதல் வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வந்துள்ளாரா என்பதும் கேட்டறிய வேண்டியது. மருத்துவர் கூறாமல் நிறுத்துதல் ஆபத்தானது.

5. ஒரே தோற்றம், இரு பொருள்

போலி அலை பற்றிய கல்வியின் உச்சம், எதிர்முகத் திருப்பத்தைப் புரிந்துகொள்வதில் உள்ளது. அ, ஆ, இ என அடுத்தடுத்து மூன்று மின்முனைகள் உள்ளன எனக் கொள்வோம். முதல் தடம் அ-விற்கும் ஆ-விற்கும் உள்ள வேறுபாட்டையும், இரண்டாம் தடம் ஆ-விற்கும் இ-க்கும் உள்ள வேறுபாட்டையும் காட்டுகிறது. 'ஆ' மின்முனைக்கு அடியில் திடீரென எதிர்மின் கூர்மை தோன்றினால், ஒரு தடம் கீழ்நோக்கியும் மறுதடம் மேல்நோக்கியும் பாயும். இரு கூர்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். வலிப்பின் தோற்றிடத்தைக் கண்டறிய மருத்துவர் தேடும் அடையாளம் இதுவே.

'ஆ' மின்முனையின் பசை காய்ந்து அது தோலிலிருந்து சற்றே பெயர்ந்தாலும் இதே தோற்றம் உண்டாகிறது. இரண்டையும் பிரித்தறிய வழி, அலை பரவும் பரப்பை நோக்குவதாகும். மூளையில் எழும் கூரலை அருகிலுள்ள மின்முனைகளிலும் படிப்படியாகக் குறைந்து பரவும். பெயர்ந்த மின்முனையின் கூரலை அந்த ஒரு புள்ளியோடு நின்றுவிடும். பதிவு நடக்கும்போதே ஐயுற்று, அந்த மின்முனையை மீண்டும் ஒட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை வெளிப்படும். பதிவு முடிந்து நோயாளி ஊர் திரும்பியபின் அவ்வாய்ப்பு இல்லை. பிழை பிறக்கும் இடத்திலேயே அதனைக் களைய இயலும் என்பதால்தான், படிப்பவரும் பதிவறையில் சில நாட்கள் நின்றிருத்தல் வேண்டும்.

மிகைப்பொருள் கொள்வதன் விளைவைப் புள்ளிவிவரமும் எச்சரிக்கிறது. பிரித்தானிய விமானப்படைப் பயிற்சிக்குத் தெரிவான 17 முதல் 25 வயது வரையிலான நலமுள்ள ஆண்கள் 13,658 பேரின் வரைவுகளை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வில், 69 பேரிடம், அதாவது 0.5 விழுக்காட்டினரிடம், ஐயமற்ற வலிப்புசார் அலைகள் காணப்பட்டன. நோயே இல்லாத ஆயிரம் பேருள் ஐவர்க்குத் திறமான பதிவிலும் இவ்வலை தோன்றக்கூடும். மறுபுறம், வலிப்பு நோய் உள்ளோரிலும் முதற்பதிவு ஏறத்தாழப் பாதிப் பேரிடமே அதனைக் காட்டுகிறது. ஆகவே வரைவு தனியே நோயை உறுதி செய்வதும் இல்லை, விலக்குவதும் இல்லை. வலிப்பு வந்தபோது அருகில் இருந்தவரின் சொல்லே முதற்சான்று. வெயிலில் நெடுநேரம் நின்று கண் இருண்டு, வியர்த்து விழுந்து, கைகால் சில நொடிகள் உதறி, உடனே தெளிந்தவருக்கு நேர்ந்தது மயக்கமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அவரிடம் பெறப்பட்ட வரைவில் பெயர்ந்த மின்முனை ஒன்றின் கூரலையும் சேர்ந்துவிட்டால், இல்லாத நோய் ஒன்று எழுத்தில் நிலைபெற்றுவிடும்.

6. நோயாளியிடம் தமிழில் பேசுதல்

வழக்கமான பதிவு குறைந்தது 20 நிமிடம் நீளும். அதற்குள் கண்ணை மூடித் திறக்கச் செய்தல், மூன்று நிமிடம் ஆழ்ந்து மூச்சுவிடச் செய்தல், ஒளி மினுக்கிக் காட்டல் ஆகியன இடம்பெறும். குழந்தைகளிடம் சிலநொடி வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பின் 3 ஹெர்ட்ஸ் கூரலைகளை ஆழ்ந்த மூச்சு வெளிக்கொணரக்கூடும். சோதனையின் பயன் நோயாளியின் ஒத்துழைப்பைச் சார்ந்தது. ஒத்துழைப்போ மாணவரின் மொழியைச் சார்ந்தது. பிற மாநிலங்களிலிருந்து வந்து பயிலும் மாணவர் பலர்க்கு இதுவே கடினமான பாடம்.

பாடநூல் தமிழில் 'மிகைச்சுவாசம் செய்க' என்றால் மூதாட்டி ஒருவருக்கு எதுவும் விளங்காது. 'அம்மா, கண்ணை மூடிக்கிட்டே நெருப்பு ஊதுற மாதிரி நல்லா இழுத்து இழுத்து ஊதுங்க. நான் சொல்றப்ப நிறுத்துங்க' என்றால் விளங்கும். சிறுவனிடம் காகிதக் காற்றாடியைக் கொடுத்து 'இது நிக்காம சுத்தணும், ஊது தம்பி' என்றால் அதுவே சோதனையாகிவிடும். 'கரண்ட் வைக்கப் போறாங்க' என்னும் அச்சம் பலரிடம் உண்டு. கருவி தலைக்குள் மின்சாரம் எதனையும் செலுத்துவதில்லை, தலையிலிருந்து வருவதைக் குறித்துக்கொள்கிறது என முதலில் தெளிவுபடுத்தாவிடில், அச்சத்தால் இறுகிய நெற்றித்தசையே வரைவை நிரப்பிவிடும். அண்மையில் பக்கவாதம், மூளை இரத்தக்கசிவு, கடும் இதய அல்லது நுரையீரல் நோய் உற்றவரை ஆழ்ந்து மூச்சுவிடச் செய்தல் கூடாது என்பதால், அவற்றையும் எளிய சொற்களில் கேட்கப் பழகுதல் வேண்டும்.

பதிவின்போதே வலிப்பு வருமாயின் செய்ய வேண்டியதும் பயிற்சியில் அடங்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்தல், நேரம் குறித்தல், வாயில் எதனையும் திணிக்காதிருத்தல், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர மருந்துக்கு அழைத்தல் ஆகியன அவை. கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கம் பயனற்றது என்பதை உடன்வந்த உறவினர்க்கு மென்மையாக உணர்த்தவும் அதுவே தக்க தருணம்.

7. பயிற்சியின் படிநிலைகளும் அறநெறியும்

செய்துகாட்டல், கவனித்தல், உதவுதல், தானே செய்தல் என்னும் நான்கு படிகள் திறன்சார் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இடம்பெற்றவை. அவற்றை இங்குப் பொருத்தலாம். முதற்படியில், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் பதிவு செய்வதை மாணவர் காண்கிறார். அடுத்து, அளவெடுத்தலிலும் தோல் துடைத்தலிலும் உதவுகிறார். பின்னர் சக மாணவரின் தலையில் நான்கைந்து மின்முனைகளை மட்டும் வைத்து, கண் திறந்ததும் ஆல்ஃபா அலை அடங்குவதைக் காண்கிறார். அதன்பின் இமைத்தல், பல்லைக் கடித்தல், கம்பியை அசைத்தல் ஆகியவற்றால் வேண்டுமென்றே போலி அலைகளைத் தோற்றுவித்து ஒவ்வொன்றையும் இனங்காண்கிறார். இறுதியில், மேற்பார்வையின்கீழ் நோயாளியிடம் முழுப்பதிவு செய்கிறார். முதற்படிகளுக்குரிய ஆசான் தொழில்நுட்பரே. பட்டத்தால் தம்மினும் உயர்ந்தவர்க்குக் கற்பிக்கும் அவருடைய பங்கு மதிப்பெண் பதிவேட்டிலும் இடம்பெறுதல் முறையாகும்.

சக மாணவரின் தலையில் பதிவு செய்வதில் ஓர் அறச்சிக்கல் உண்டு. மேற்காட்டிய 0.5 விழுக்காடு மாணவர்க்கும் பொருந்தும். நலமுள்ள மாணவி ஒருவரின் வரைவில், வகுப்பினர் அனைவரும் பார்த்திருக்க, வலிப்புசார் அலை தோன்றினால் என் செய்வது? எழுத்துவழி இசைவு, விலகும் உரிமை, பதிவைப் பெயரின்றி வைத்தல், ஐயம் எழுந்தால் ஆசிரியர் தனியே பேசுதல் ஆகியன முன்னரே வகுக்கப்பட வேண்டும். தன் தலையை ஒப்படைக்கத் தயங்கும் மாணவர், நோயாளியின் தயக்கத்தையும் அன்று புரிந்துகொள்கிறார்.

முடிவுரை

வில்லியனூரிலோ பாகூரிலோ உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியேற்கும் இளம் மருத்துவர் மூளை மின்னலைக் கருவியைக் கையாளப் போவதில்லை. பின் எதற்கு அவர்க்கு இப்பயிற்சி என்னும் வினா எழலாம். சோதனைக்குப் பரிந்துரை எழுதுபவர் அவர். எண்ணெய் தேய்க்காமலும் உண்டுவிட்டும் செல்லுமாறு கூற வேண்டியவர் அவர். திரும்பி வரும் அறிக்கையைப் பிரித்து, 'என் பொண்ணுக்கு என்னங்க வந்திருக்கு?' எனக் கேட்கும் தாய்க்கு விடை கூற வேண்டியவரும் அவரே. அறிக்கையின் ஒரு சொல்லுக்கும் அத்தாய் எடுக்கும் முடிவுகளுக்கும் இடையில் நிற்பவர் வேறு எவரும் இல்லை. தம் கையால் ஒட்டிய மின்முனை ஒன்று பெயர்ந்து, இல்லாத நோயை வரைந்து காட்டியதை ஒருமுறை கண்டவர், அவ்விடையைக் கூறுமுன் நோயாளியின் கதையை மீண்டும் ஒருமுறை கேட்பார். செய்முறைப் பயிற்சியின் பயன் அந்த ஒரு கேள்வியில் உள்ளது எனலாம்.